லா பாஸ் கேபிள் காரில் 12 நாள்

என் அப்பா 31 ஆண்டுகள் அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்தவர். அதனாலோ என்னவோ, எந்த ஊருக்குப் போனாலும் வண்டியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் ஓரமாக நிற்கிறார்கள் என்றுதான் என் கண் முதலில் தேடும். 2024 ஜூலையில் பொலிவியாவின் லா பாஸ் நகரத்தில் 12 நாள் தங்கியபோது, அங்குள்ள 'மி தெலெஃபெரிகோ' என்ற கேபிள் காரில் தினமும் ஏறி இறங்கினேன். 'என் கேபிள் கார்' என்று பொருள். இதுவரை நான் பயணம் செய்த பொதுப் போக்குவரத்துகளில் இதற்குத்தான் முதலிடம் தருவேன்.

ஊரின் அமைப்பு தெரிந்தால்தான் இந்தச் சேவையின் அருமை விளங்கும். லா பாஸ் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. கிண்ணத்தின் விளிம்பில், 4,000 மீட்டர் உயரத்துக்கும் மேலே, எல் ஆல்டோ என்ற தனி நகரம் சமவெளியாக விரிகிறது. பல ஊர்களில் மேட்டில் பங்களாக்கள் இருக்கும்; இங்கே நேர்மாறு. மேலே போகப் போகக் குளிரும் கூடுகிறது, வறுமையும் கூடுகிறது. வசதியானவர்கள் 3,200 மீட்டர் அளவில், காற்று சற்றே அடர்த்தியாகவும் இதமாகவும் இருக்கும் தென்பகுதியில் வாழ்கிறார்கள். மேலே இருப்பவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்த ஐமாரா என்ற பழங்குடி மக்கள். 1985இல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிந்து, அரசுச் சுரங்கங்களிலிருந்து 20,000க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். அவர்களில் பலர் குடும்பத்தோடு வந்து சேர்ந்ததும் இங்கேதான். இவர்கள் தினமும் கீழே இறங்கி வேலை பார்த்துவிட்டு மேலே ஏற வேண்டும். வளைந்து வளைந்து போகும் மலைச் சாலையில் மினிபஸ் ஊர்ந்து செல்லும்.

அந்த ஏற்றத்தைக் கேபிள் காரின் சிவப்புத் தடம் பத்தே நிமிடத்தில் முடித்துவிடுகிறது. 2014 மே 30 அன்று முதலில் ஓடத் தொடங்கியது அதுதான். ஆஸ்திரியாவின் டோப்பல்மாயர் நிறுவனம் கட்டியது. நடத்துவது பொலிவிய அரசு. அதே ஆண்டில் மஞ்சளும் பச்சையும் வந்தன. மூன்றும் சேர்ந்தால் நாட்டுக் கொடியின் நிறங்கள். இன்று பத்துத் தடங்கள், மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர். ஒரு பெட்டியில் பத்துப் பேர். 12 விநாடிக்கு ஒரு பெட்டி வருவதால் வரிசை நீளமாக இருந்தாலும் நிற்கும் நேரம் குறைவு. நான் போனபோது கட்டணம் 3 பொலிவியானோ, நம் பணத்தில் ஏறக்குறைய 35 ரூபாய். அடுத்த தடத்துக்கு மாறினால் இன்னும் 2 பொலிவியானோ.

முதல் நாள் காலை, உயரத்தால் வந்த தலைவலியோடு, கோகா இலைத் தேநீர் குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். ஒரு வயதான அம்மா ஏறினார். அடுக்கடுக்காக விரியும் பொல்யேரா பாவாடை, இரண்டு பின்னல், தலையில் வட்டத் தொப்பி, முதுகில் வண்ணக் கோடுகள் போட்ட அகுவாயோ துணியில் கட்டிய பெரிய மூட்டை. ஏறியதும் 'புவெனோஸ் தியாஸ்' என்றார். பெட்டியில் இருந்த அத்தனை பேரும் பதில் வணக்கம் சொன்னார்கள். கோட்டு போட்ட இளைஞர் ஒருவர் நகர்ந்து மூட்டைக்கும் இடம் கொடுத்தார். அடுத்து ஏறியவரும் வணக்கம் சொன்னார். 12 நாளும் இதைக் கண்டேன்.

இதைப் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1935இல் இதே லா பாஸில், சமையல் வேலைக்குப் போகும் இந்தப் பாவாடைப் பெண்கள் கூடையோடு டிராமில் ஏறக் கூடாது என்று நகராட்சி உத்தரவு போட்டது. கூடை இடித்துச் சீமாட்டிகளின் உடை கிழிகிறதாம். அந்தப் பெண்கள் திரண்டு போராடி உத்தரவைத் திரும்பப் பெற வைத்தார்கள். அந்தப் போராட்டத்தில்தான் சமையல் தொழிலாளர் சங்கம் பிறந்தது. எழுத்தறிவு இல்லாத பழங்குடி மக்களுக்கு வாக்குரிமை வரவே 1952 புரட்சி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று நிலையங்களுக்கு ஸ்பானிஷ் பெயரோடு ஐமாரா பெயரும் எழுதியிருக்கிறார்கள். பழைய ரயில் நிலையம் இருந்த இடம் 'தாய்ப்பி உத்தா', நடு வீடு. சிவப்புத் தடத்தின் உச்சி 'ஹச்சா கத்து', பெரிய சந்தை. 2009 அரசியல் சட்டம் ஸ்பானிஷோடு 36 பழங்குடி மொழிகளை ஆட்சிமொழியாக ஏற்றது. அது வெறும் காகிதத்தில் நிற்கவில்லை என்பதற்கு இந்தப் பெயர்ப் பலகைகளே எனக்குப் போதும்.

சன்னலுக்கு வெளியே பார்க்க நிறைய இருக்கிறது. சிவப்புத் தடம் பொது மயானத்தை ஒட்டிப் போகும்போது, அடுக்குமாடி போல எழும்பிய கல்லறைச் சுவர்கள் தெரியும். ஒவ்வொரு மாடத்துக்கும் சிறு கண்ணாடிக் கதவு, உள்ளே பூக்கள். நீலத் தடத்தில் போனால் எல் ஆல்டோவின் சாந்து பூசாத செங்கல் வீடுகளுக்கு நடுவே ஆரஞ்சும் பச்சையுமாகச் சில மாளிகைகள் எழும். ஃப்ரெடி மமானி என்ற கட்டடக் கலைஞரின் பாணி அது. கீழே கடைகள், நடுவில் நடன மண்டபம், மொட்டை மாடியில் உரிமையாளரின் வீடு. வியாபாரத்தில் முன்னேறிய ஐமாரா குடும்பங்கள் ஒளிக்காமல் கட்டிக்கொண்ட பெருமிதம். வசதியானவர்கள் வாழும் தென்பகுதியின் பச்சைத் தடத்திலோ புல்வெளி, நீச்சல் குளம்.

நாட்டின் பணக் கதையும் அதே சன்னலில் தெரிந்தது. பெட்ரோல் பங்குகளைச் சுற்றி லாரிகள் வரிசையாக நின்றன. பொலிவியா இயற்கை எரிவாயுவை விற்கும் நாடு. ஆனால் டீசலையும் பெட்ரோலையும் வெளியிலிருந்து வாங்கி, மானியத்தில் லிட்டர் நான்கு பொலிவியானோவுக்கும் குறைவாகக் கொடுத்துவந்தது. எரிவாயு உற்பத்தி குறைந்துகொண்டே வந்ததால் டாலர் வரவு சுருங்கியது. டாலர் இல்லாமல் டீசல் இல்லை. எரிவாயுவில் பணம் கொட்டிய ஆண்டுகளில்தான் இந்தக் கேபிள் காரைத் தொடங்கினார்கள். அந்தப் பணம் இப்படி ஒன்றாக நின்றது நல்லது என்றே நினைக்கிறேன். கீழே வண்டிகள் எரிபொருளுக்குக் காத்திருக்க, மின்சாரத்தில் ஓடும் பெட்டிகள் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தன.

குறை உண்டு. மூன்று தடம் மாறி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு வழிக்கு 7 பொலிவியானோ ஆகிவிடும். கூலித் தொழிலாளிக்கு அது சின்னத் தொகை அல்ல. ஒரே கட்டணத்தில் இரண்டு மணி நேரம் எந்தத் தடத்திலும் போகலாம் என்று வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இன்னொன்று, இதில் பார்ப்பதையே முழுப் பொலிவியா என்று எண்ணிவிடக் கூடாது. நாட்டின் பெரும்பகுதி கிழக்கே வெப்பமான தாழ்நிலம். அங்குள்ள சாந்தா குரூஸ் நகரத்துக்கு இந்தக் குளிரும் தொப்பியும் சொந்தமில்லை.

போகிறவர்களுக்கு: வியாழன் அல்லது ஞாயிறு காலை சிவப்புத் தடத்தில் மேலே போங்கள், ஹச்சா கத்துவில் அன்றுதான் சந்தை. பழைய துணியிலிருந்து கார் உதிரிபாகம் வரை கிடைக்கும். பிறகு வெள்ளி நிறத் தடத்தில் விளிம்பு ஓரமாகப் போய் மஞ்சளுக்கு மாறி இறங்குங்கள். 6,438 மீட்டர் இயிமானி பனிமலை தெரியும் பக்கம் உட்காருங்கள். கையில் சில்லறை இருக்கட்டும். ஏறும்போது வணக்கம் சொல்ல மறக்காதீர்கள்.