ரிச்சி ஸ்ட்ரீட் ஷேவரும் ராமநாதபுரத்து உப்புத் தண்ணியும்

டல்லாஸ் வீட்டில் இருக்கிற ஷேவர் 120 வோல்ட்டுக்கு மட்டுமே ஆன பழைய மாடல். நம்மூர் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் வரும். அதனால் இந்த முறை அதைத் தூக்கவில்லை. யுஎஸ்பியில் சார்ஜ் ஏறுகிற மாதிரி சின்னதாக ஒன்றைச் சென்னையிலேயே வாங்கிக்கொள்வது என்று முடிவு.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஷேவர் என்று கேட்டால் ட்ரிம்மரைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். ஊரே தாடிக்கு மாறிவிட்டது. “க்ளீன் ஷேவ் இப்போ யாருணா பண்றா?” என்று கேட்டபடியே ஒரு கடைப் பையன் மேல் தட்டைத் துழாவி எடுத்துக் கொடுத்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிறது, 850 ரூபாய், பில்லோடு. ஃபாயில், அதாவது மேலே இருக்கும் மெல்லிய தகடு, தேய்ந்தால் மாற்றக் கிடைக்குமா என்றேன். “அதெல்லாம் தனியா வராதுணா, புதுசே வாங்கிக்கலாம்.” இதுதான் மலிவு ஷேவரின் உண்மையான விலை. வாங்குகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போட் மெயிலில் ராமநாதபுரம் இறங்குவதற்கு முன்னால் வாஷ்பேசின் கண்ணாடியில் முதல் ஷேவ். ரயில் ஆடுகிற ஆட்டத்தில் பிளேடை முகத்தில் வைக்கவே முடியாது. இதற்கு அந்தப் பயமில்லை. ஆனால் சார்ஜை வீட்டிலேயே ஏற்றிவிட வேண்டும். இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணிவரை ரயிலில் சார்ஜ் பாயிண்டை அணைத்துவிடுவார்கள்.

சாமான் தன் மவுசைக் காட்டியது ஊரில்தான். எங்கள் பக்கம் காவிரிக் கூட்டுக் குடிநீர் குடிக்கவும் சமைக்கவும்தான். குளிக்க, துவைக்க, முகம் வழிக்க எல்லாமே போர் தண்ணி. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகத் திரியுமே தவிர நுரை வராது. நுரையில்லாமல் ரேஸர் இழுத்தால் கழுத்தெல்லாம் எரிச்சல். ஷேவருக்கு நுரையும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். பொடி ஓட்டை போட்ட மெல்லிய தகட்டுக்குள் முடி நுழைய, அடியில் ஓடும் பிளேடு நறுக்கிவிடுகிறது. தோலில் பிளேடு நேராகப் படுவதில்லை.

ஒரே தொல்லை வியர்வை. ஈரத் தோலில் தகடு வழுக்காமல் ஒட்டிக்கொண்டு பிடித்து இழுக்கிறது. குளித்துவிட்டு வந்தால் இன்னும் மோசம். குளிப்பதற்கு முன்னால், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, கொஞ்சம் கோகுல் சாண்டல் பவுடரைத் தாடையில் தடவிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள், சர்ரென்று போகும். தினமும் ஓட்ட வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. இரண்டு நாள் விட்டால், கழுத்தில் படுத்து வளர்கிற முடி ஓட்டைக்குள் நுழையாது. எத்தனை தடவை தேய்த்தாலும் சொரசொரப்பு அப்படியே நிற்கும்.

“வெள்ளிக்கிழமை அதுவுமா வீட்டுக்குள்ள முடியைக் கொட்டாதடா” என்று அம்மா சத்தம் போட்டார். கொட்டவில்லை, எல்லாம் ஷேவரின் தலைப்பகுதிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கொல்லைப்பக்கம் போய்த் தட்டிவிட்டு, கூட வந்த குட்டி பிரஷால் துடைத்தால் போதும்.

இதற்காகச் சலூனை விட்டுவிடலாம் என்று சொல்ல மாட்டேன். மீசை ஓரத்தை இது நேராக வெட்டாது. ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள் பஜார் சலூனில் போய் உட்கார்ந்தேன். புது பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் செருகி, வழித்து முடித்துப் படிகாரக் கல்லைத் தேய்த்துவிட்ட அந்த வழவழப்பு எந்த ஷேவருக்கும் வராது. செவ்வாய்க்கிழமை சலூன்காரர் கடை பூட்டியிருக்கும். அன்றைக்கும் அவசரத்துக்கும் இது.

விமானத்தில் டல்லாஸ் திரும்பும்போது லித்தியம் பேட்டரி உள்ள சாமான் என்பதால் கைப்பையிலேயே வைத்தேன். சுவிட்சைப் பூட்டுகிற வசதி இதில் இல்லை, பைக்குள் தானாக ஓட ஆரம்பித்துவிடும். மூடியைப் போட்டு ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிடுங்கள்.