கூகுள் அலர்ட்ஸ்: கீழடிச் செய்திகளைத் தொடர எனக்கு உதவியது எப்படி?

அகழாய்வுச் செய்திகள் மாதக்கணக்கில் வராது, வந்தால் ஒரே நாளில் கொட்டும். தினமும் தேடினால் அலுத்துவிடும், தேடாமல் விட்டால் முக்கியமானது தவறிவிடும். தமிழகத்தில் அகழாய்வு நடந்த கீழடி, சிவகளை, ஆதிச்சநல்லூர் பற்றி எது வெளிவந்தாலும் படித்துவிட வேண்டும் என்ற ஆர்வத்தில்தான் கூகுள் அலர்ட்ஸ் பக்கம் வந்தேன். பல வருடங்களாக இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

2003லிருந்து இருக்கும் இலவசச் சேவை இது. வேண்டிய சொல்லைக் கொடுத்துவிட்டால், அந்தச் சொல்லோடு புதிதாக இணையத்தில் ஏறுவது மெயிலில் வரும். உடனுக்குடனா, நாளுக்கு ஒருமுறையா, வாரத்துக்கு ஒருமுறையா என்பதை நாமே முடிவு செய்யலாம். இதெல்லாம் ஒரு நிமிட வேலை. என்ன சொல்லைக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கீழடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ழ’வுக்குச் சிலர் எல் போடுகிறார்கள், சிலர் இசட்டும் எச்சும் போடுகிறார்கள். தமிழிலோ செய்தித் தலைப்பு பெரும்பாலும் ‘கீழடியில்’ என்றுதான் தொடங்கும். இவை எல்லாவற்றையும் மேற்கோள் குறிக்குள் வைத்து, நடுவில் ‘அல்லது’ என்று பொருள்படும் ‘OR’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டு ஒரே அலர்ட்டாக வைத்திருக்கிறேன். மொழி என்ற இடத்தில் ‘எந்த மொழியும்’ என்று விட்டுவிட வேண்டும். அடுத்து, வேண்டாததைக் கழிப்பது. கீழடி என்றாலே டிஎன்பிஎஸ்சி வினா விடைகள் வரிசைகட்டி வரும், பக்கத்து ஊர் மனை விளம்பரமும் கூடவே வரும். அந்தச் சொற்களுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போட்டேன், மெயில் பாதியாகச் சுருங்கியது.

உடனுக்குடன் என்ற தேர்வு இந்த மாதிரி விஷயத்துக்குத் தேவையே இல்லை என்பது என் முடிவு. 2025 ஜனவரி 23 அன்று தமிழக அரசு ‘இரும்பின் தொன்மை’ அறிக்கையை வெளியிட்டது. சிவகளை இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்ற ஒரே செய்தி, வரிக்கு வரி மாறாமல் எத்தனையோ தளங்களில் வந்தது. ஆய்வாளர்கள் நிதானமாக எழுதிய கட்டுரைகளும் எதிர்க்கேள்விகளும் அடுத்தடுத்த வாரங்களில்தான் வந்தன, அவைதான் படிக்க வேண்டியவை. வார மெயிலில் அவை கண்ணில் படும். கீழடியில் முதல் அகழாய்வுகளை நடத்திய தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா கொடுத்த அறிக்கையை மத்திய தொல்லியல் துறை திருத்தம் கேட்டுத் திருப்பியனுப்பிய 2025 மே மாதம் மட்டும் விதிவிலக்கு. அப்போது அந்த ஒரு அலர்ட்டை தினசரிக்கு மாற்றிக்கொண்டேன்.

இதோடு, ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் கூகுள் ஸ்காலரிலும் தனியாக ஒரு அலர்ட் வைத்துக்கொள்ளச் சொல்வேன். கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய கார்பன் குழாய்கள், இருப்பதாக 2020இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஓடுகளை எப்படிச் சோதித்தார்கள், என்ன கண்டார்கள் என்பதெல்லாம் படங்களோடு அதில் இருக்கிறது, யாரும் இலவசமாகப் படிக்கலாம். இப்படி மூலத்தையே கையில் கொடுப்பது ஸ்காலர் அலர்ட்தான்.

முகநூலில் நண்பர்களுக்கு மட்டும் எழுதுவதையும், அச்சில் மட்டும் வருவதையும் எந்த அலர்ட்டாலும் பிடிக்க முடியாது. ஊர் ஊராகப் போய் நடுகல்லும் கல்வெட்டும் பார்த்து எழுதுகிற ஆர்வலர்கள் பலர் முகநூலில்தான் இருக்கிறார்கள். அவர்களை அங்கேயே போய்த்தான் தொடர வேண்டும், அதற்கு மாற்று இல்லை.

அலர்ட் மெயில்கள் இன்பாக்ஸை அடைத்தால், ஜிமெயிலில் ஒரு ஃபில்டர் போட்டு ‘அகழாய்வு’ என்று லேபிள் கொடுத்து ஒதுக்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த லேபிளை மட்டும் திறந்தால் போதும். அகழாய்வு நடந்த பொற்பனைக்கோட்டைக்கும் வெம்பக்கோட்டைக்கும் இப்போது தனித்தனி அலர்ட் போட்டிருக்கிறேன். இரண்டுக்கும் ‘கோட்டை’ என்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள், சம்பந்தமில்லாத கோட்டைச் செய்திகளெல்லாம் வந்து சேரும்.