தாலிக்குத் தங்கமும் மாசம் ஆயிரமும்: ரெண்டையும் வாங்குன வீட்டுலேந்து ஒரு ரிவ்யூ

மொதல்லயே மார்க்க சொல்லிடறேன். கவர்மெண்டு ஸ்கூல்ல படிச்ச பொண்ணுங்களுக்கு காலேஜ் படிக்கும்போது மாசம் ஆயிரம் குடுக்கற புதுமைப்பெண் திட்டத்துக்கு 5க்கு 4. அதுக்கு முன்னாடி ஓடுன தாலிக்குத் தங்கம் திட்டத்துக்கு 5க்கு ரெண்டரை. மார்க் போட நீ யாருன்னு கேட்டீங்கன்னா, எங்க அக்கா தங்கம் வாங்குனவ, எங்க தங்கச்சி மாசம் ஆயிரம் வாங்குனவ, நடுவுல பொறந்த எனக்கு பதினொண்ணாவதுல குடுத்த சைக்கிள் மட்டும்தான், அதுவும் மொத மழையிலயே செயின் கவர் துருப்பிடிச்சு கழண்டு விழுந்துச்சு, அது வேற ரிவ்யூ.

எங்க ஊரு குத்தாலம் பக்கம். அப்பா கொத்தனார். நான் டவுன்ல ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், ஜூன் ஜூலை மாசம் வந்துட்டா டிசி, மார்க்‌ஷீட், ஆதார்னு கட்டுகட்டா ஜெராக்ஸ் எடுக்க பொண்ணுங்க கியூல நிப்பாங்க, அதனால நம்ம வீட்டு கதையோட அவங்க கதையும் கொஞ்சம் தெரியும்.

ரெண்டும் ஒரே திட்டம்னு நெறைய பேருக்கு தெரியாது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேருல 1989ல கலைஞர் ஆரம்பிச்சது, ஏழை பொண்ணு கல்யாணத்துக்கு பணம் குடுக்கற திட்டம், படிச்சிருக்கணும்னு கண்டிஷன் போட்டதுதான் அதுல விசேஷம், கல்யாண காசுக்காகவாவது பொண்ண பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாங்கன்னு கணக்கு. 2011ல ஜெயலலிதா வந்து பணத்தோட 4 கிராம் தங்கம் சேத்தாங்க, 2016ல அது 8 கிராம் ஆச்சு, அதாவது ஒரு பவுன். பத்தாவது வரைக்கும் படிச்சிருந்தா 25,000, டிகிரி இல்ல டிப்ளமோ முடிச்சிருந்தா 50,000. அப்புறம் 2022 மார்ச் பட்ஜெட்ல அப்ப நிதியமைச்சரா இருந்த பிடிஆர் எந்திரிச்சு இந்த கல்யாண திட்டத்த உயர்கல்வி திட்டமா மாத்தறோம்னு சொல்லிட்டாரு, 698 கோடி ஒதுக்குனாங்க, அந்த வருஷம் செப்டம்பர் 5 சென்னையில ஸ்டாலின் தொடங்கி வச்சாரு, டெல்லியிலேந்து கெஜ்ரிவாலும் வந்திருந்தாரு. (கைம்பெண் மறுமணம், கலப்பு திருமணம்னு மத்த கல்யாண உதவி திட்டங்கள கைவைக்கல, அது அப்படியே இருக்கு. என் கடையில வந்து "கல்யாண காசே நிறுத்திட்டாங்களாமே"ன்னு கேக்கறவங்களுக்கு சொல்றேன்.)

சரி, அக்கா கதை. 2018 ஆவணில கல்யாணம். கல்யாணத்துக்கு 40 நாளைக்கு முன்னாடியே மனு போடணும், வருஷ வருமானம் 72,000க்குள்ள இருக்கணும், பத்திரிக்கை வைக்கணும், வருமான சான்றிதழ் வைக்கணும், அதுக்கு அப்பா எத்தன நாள் வேலைய விட்டாருன்னு அவருதான் சொல்லணும். தாலிக்குத்தான் தங்கம்னு பேரு, ஆனா தங்கம் வந்தப்ப அக்கா புள்ள குப்புற விழுந்து தவழ ஆரம்பிச்சிருச்சு. தாலிய மஞ்சள் கயித்துல வட்டிக்கு வாங்குன அர பவுன வச்சு கட்டியாச்சு, அதுக்கப்புறம் ஒருநாள் கூப்பிட்டு ஒரு மேடையில வச்சு டப்பாவுல தங்க காச குடுத்தாங்க. காசு நல்ல காசு, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். 25,000 வட்டிக்காரனுக்கு போச்சு. பவுன் காசு மட்டும் அக்கா பீரோல துணிக்கு அடியில இருந்துச்சு.

இப்ப தங்கச்சி, வீட்டுல பாப்பான்னுதான் கூப்பிடுவோம். ஒண்ணாவதுலேந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்டு ஸ்கூல். 2022ல பி.காம் சேந்தா. சேரும்போது பீஸ் கட்ட கையில காசு இல்ல, என்ன பண்ணுனோம் தெரியுமா, அக்காவோட அந்த பவுன் காசத்தான் அடகு வச்சோம். அக்காவேதான் எடுத்துட்டு வந்து குடுத்தா, மாமாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்னா, சொல்லலன்னு பின்னாடி தெரிஞ்சுது.

திட்டத்துக்கு அப்ளை பண்றது காலேஜ்லயே பாத்துக்கறாங்க, நாம எந்த ஆபீஸ் படியும் ஏற வேணாம், இது பெரிய ப்ளஸ். ஸ்கூல்ல குடுத்த எமிஸ் நம்பர போட்டா ஆறாவதுலேந்து பன்னெண்டாவது வரைக்கும் எங்க படிச்சோம்னு அதுவே காட்டிடும். வருமான சான்றிதழ் கேக்கல, சாதி பாக்கல, வேற ஸ்காலர்ஷிப் வாங்குனாலும் இதுவும் உண்டு. முக்கியமா ஒரு வீட்டுல எத்தன பொண்ணு இருந்தாலும் அத்தன பேருக்கும் உண்டு. பழைய திட்டத்துல குடும்பத்துக்கு ஒரு பொண்ணுக்குத்தான். இத எங்க ஆயாகிட்ட நான் பத்து தடவயாவது சொல்லிருப்பேன், அது காதுல ஏறவே இல்ல, "ஒரு பவுன் குடுத்துட்டு இருந்தாங்க, அத நிறுத்திட்டு ஆயிரம் ரூவாய காட்டி ஏமாத்தறானுவோ"ன்னு தினமும் பாட்டுதான். ஆயா கணக்கு சும்மா சொல்லக்கூடாது, 2018ல பவுன் 25,000க்கு கீழதான் இருந்துச்சு, இன்னைக்கு எங்க போயி நிக்குதுன்னு உங்களுக்கே தெரியும், மூணு வருஷம் மாசம் ஆயிரம்னா மொத்தமா 36,000. பவுன் பக்கத்துல நிக்க முடியாதுதான். ஆனா ஆயா, பழைய திட்டமே இருந்திருந்தா பாப்பாவுக்கு பவுனும் இல்ல ஆயிரமும் இல்ல, அக்கா வாங்கிட்டாள்ல, கதவ சாத்திருப்பாங்க.

குறைக்கு வர்றேன். பணம் அனுப்பறது ஆதார் வழியா. ஆதார் எந்த அக்கவுண்ட்ல சேந்திருக்கோ அங்கதான் போகும், நீங்க பாரத்துல எழுதிக்குடுத்த அக்கவுண்டுக்கு போகும்னு நெனச்சா ஏமாந்தீங்க. இது எங்களுக்கு தெரியல. கிளாஸ்ல மத்த பொண்ணுங்களுக்கு மெசேஜ் வந்துருச்சு, பாப்பாவுக்கு வரல. ரெண்டாவது மாசமும் வரல. மூணாவது மாசம் அவளே என் கடையில வந்து உக்காந்து "அண்ணே எனக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது"ன்னு அழுதுட்டா. காலேஜ்ல கேட்டா பணம் போயிருச்சுங்கறாங்க, பேங்க்ல கேட்டா வரலங்கறாங்க. இந்த பேங்க்ல சர்வர் இல்ல, மத்தியானம் வா, மத்தியானம் போனா அந்த சார் சாப்பிட போயிருக்காரு. மூணு தடவ நடந்து கடைசியில ஒரு மேடம், கவுண்டருக்கு புதுசா வந்தவங்க போல, ஆதார் நம்பர தட்டி பாத்துட்டு இது வேற பேங்க்ல சேந்திருக்கேம்மான்னாங்க. எந்த பேங்குன்னு யோசிச்சா, எட்டாவது படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்குன்னு ஸ்கூல்ல கும்பலா கூட்டிட்டு போயி ஆரம்பிச்ச அக்கவுண்டு! பாஸ்புக் எங்க இருக்குன்னு தெரியாது, அதுல குடுத்த போன் நம்பர் அம்மாவோட பழைய சிம், அத தூக்கிப்போட்டு வருஷம் ஆச்சு. அந்த பேங்குக்கு போயி பாஸ்புக் புதுசு போட்டு பாத்தா மூணு ஆயிரமும் சமத்தா அங்கதான் உக்காந்திருக்கு. ஆனா அதுல 590 ரூபாய பேங்க்காரங்க எடுத்துட்டாங்க, மினிமம் பேலன்ஸ் இல்லையாம். படிக்கற புள்ளைக்குன்னு கவர்மெண்டு அனுப்புற காசுல இவங்களுக்கு என்ன பங்கு? கேட்டேன். சிஸ்டம் எடுக்குது சார்னாங்க. சிஸ்டத்துக்கிட்ட எங்க போயி சண்ட போடறது.

அதனால இந்த வருஷம் சேர்ற பொண்ணுங்க என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தா நான் மொதல்ல கேக்கறது "ஆதார் எந்த பேங்க்ல சீடிங் ஆகியிருக்குன்னு பாத்தியாம்மா"ன்னுதான். பாதி பேரு முழிப்பாங்க. ஆதார்ல ஒரு இனிஷியல், மார்க்‌ஷீட்ல வேற இனிஷியல் இருக்கறதும் இப்பவே மாத்திக்கங்க, அப்புறம் ஓட முடியாது.

இதவிட பெரிய குறை ஒண்ணு இருக்கு, அதுக்குத்தான் ஒரு மார்க்க புடிச்சு வச்சிருக்கேன். எங்க பக்கத்து தெருவுல ஒரு பொண்ணு, பாப்பா செட்டுதான். அவங்க அப்பா நல்லா இருந்த காலத்துல ஆறாவது ஏழாவது மெட்ரிக் ஸ்கூல்ல படிக்க வச்சாரு, அப்புறம் யாவாரம் நொடிஞ்சு போயி எட்டாவதுல கவர்மெண்டு ஸ்கூலுக்கு மாத்திட்டாரு. எட்டுலேந்து பன்னெண்டு வரைக்கும் பாப்பா பக்கத்துலயே உக்காந்து படிச்ச பொண்ணு, அவளவிட மார்க்கும் ஜாஸ்தி, வீட்டு நெலம இன்னைக்கு எங்களவிட மோசம். அவளுக்கு ஆயிரம் கெடையாது. ஆறாவதுலேந்து படிச்சிருக்கணும், அவ்ளோதான் ரூல். ஆர்டிஇ சீட்ல, அதாவது கவர்மெண்டு பீஸ் கட்டற இலவச சீட்ல, எட்டாவது வரைக்கும் தனியார் ஸ்கூல்ல படிச்சிட்டு ஒம்பதாவதுலேந்து கவர்மெண்டு ஸ்கூல் வந்தா அவங்களுக்கு உண்டு, அது நியாயம்தான், வேணாங்கல. ஆனா கடன் வாங்கி பீஸ் கட்டி ரெண்டு வருஷம் படிக்க வச்ச அப்பாவுக்கு பொறந்தவ என்ன தப்பு பண்ணா? கொரோனா சமயத்துல பீஸ் கட்ட முடியாம எத்தன ஆயிரம் புள்ளைங்க தனியார்லேந்து கவர்மெண்டு ஸ்கூலுக்கு வந்துச்சுங்க, அதுல ஏழாவது எட்டாவதுல வந்து சேந்ததெல்லாம் இப்ப வரிசையா காலேஜ் வாசல்ல நிக்குதுங்க. மெடிக்கல், இன்ஜினியரிங் சீட்ல கவர்மெண்டு ஸ்கூல் புள்ளைங்களுக்கு குடுக்கற 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் இதே ஆறாவது கணக்குதான். ஒம்பதாவதுலேந்து படிச்சா போதும்னு எல்லாருக்கும் ஒரே கோடு போட்டா என்ன கெட்டுப்போகும்? ரூல மாத்தவே மாட்டாங்கன்னும் சொல்ல முடியாது, அரசு உதவி பெறும் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கு மொதல்ல கெடையாதுன்னாங்க, 2024-25லேந்து அவங்களையும் சேத்துட்டாங்க.

ஆயிரம் ரூபா எதுக்கு பத்தும்னு கேக்கறவங்களுக்கு பாப்பாவோட நோட்ட காட்டணும். நாப்பது பக்கம் நோட்டு, அட்டையில பி.காம்னு எழுதியிருக்கும், உள்ள பூரா கணக்கு. மொத பக்கத்துல "செருப்பு 180, ரீசார்ஜ், டைப் கிளாஸ்". டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, அதனால பஸ் காசு மிச்சம், அதுவே ஒரு சம்பாத்தியம். பணம் கைக்கு வந்த ரெண்டாவது மாசத்துலேந்து காலேஜ் விட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு போக ஆரம்பிச்சா, எங்க யாருகிட்டயும் கேக்கல, சேந்துட்டு வந்துதான் சொன்னா. எனக்கு அன்னைக்கு கொஞ்சம் கோவம்தான், ஒரு வார்த்த கேக்கலையேன்னு. அப்புறம் யோசிச்சு பாத்தா ஏன் கேக்கணும், அவ காசு. லோயர் முடிச்சு ஹையரும் முடிச்சிட்டா.

அந்த நோட்டுல ஒரு பக்கத்துல "அப்பா 500"ன்னு இருக்கும். பங்குனி திருவிழா சமயம், வேல இல்லாத மாசம், அப்பா வாசல்ல நின்னுகிட்டு துண்ட தோள் மாத்தி தோள் மாத்தி போட்டுகிட்டு "பாப்பா, ஒரு ஐநூறு இருக்குமா"ன்னு கேட்டாரு. எங்க அப்பா எங்க யாருகிட்டயும் அப்படி கேட்டு நான் பாத்ததில்ல. அவ உள்ள போயி எடுத்துட்டு வந்து குடுத்துட்டு நேரா நோட்ட எடுத்து எழுதிட்டா. கீழ வேற பேனாவுல "வரவு 300"ன்னு இருக்கு. மிச்ச 200 இன்னும் வரல.

அக்காவுக்கு வந்த 25,000 அப்பா கைக்கு வந்து அப்பா கையாலேயே போச்சு, அக்கா அந்த காச கண்ணால பாத்தாளான்னே எனக்கு சந்தேகம். இவளுக்கு மெசேஜ் இவ போனுக்கு வருது, ஏடிஎம் கார்டு இவ பர்ஸ்ல இருக்கு. நான் ஒன்னரை மார்க் ஜாஸ்தி போட்டது இதுக்குத்தான், தொகைக்கு இல்ல.

இன்னொரு விஷயம் சொல்லணும். குத்தாலத்துலேந்து மயிலாடுதுறை போற பஸ்ஸு மூவலூர் வழியாத்தான் போகும். மூணு வருஷம் தினம் ரெண்டு தடவ அந்த ஸ்டாப்பு வழியா போயி வந்தவ, யாரு இந்த ராமாமிர்தம் அம்மையார்னு கேட்டா தெரியல, எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. 1883ல பொறந்தவங்க, தேவதாசி முறையில மாட்டி அதுலேந்து வெளிய வந்து அத ஒழிக்கறதுக்காகவே ஊர் ஊரா போயி பேசுனவங்க, 1947ல சென்னை மாகாணத்துல அந்த ஒழிப்பு சட்டம் வர்றதுக்கு உழைச்சவங்கள்ல ஒருத்தங்க. பணம் போடறப்ப வர்ற மெசேஜ்ல ஒரு வரி இத சேத்து அனுப்புனா குறைஞ்சா போயிடும்.

பணம் மாசா மாசம் மொத வாரத்துல வந்துரும், சில மாசம் தள்ளிப்போகும், அரியர் மாதிரி ரெண்டு மாசம் சேந்தும் வந்திருக்கு. ஆனா பரிட்ச பீஸ் கட்டற மாசத்துல தள்ளிப்போனா கஷ்டம்தான், அப்ப ஒரு தடவ நான் கல்லாவுலேந்து எடுத்துக் குடுத்தேன், அதையும் நோட்டுல எழுதி திருப்பிக் குடுத்துட்டா.

2025ல டிகிரி முடிஞ்சுது, பணமும் நின்னுருச்சு. இப்ப குரூப் 4க்கு படிச்சிட்டு இருக்கா, டைப்பிஸ்ட் போஸ்டுக்கு அந்த ரெண்டு சர்டிபிகேட்டும் உதவும். அக்காவோட பவுன் இன்னும் அடகு கடையிலதான் இருக்கு, வட்டி மட்டும் கட்டிட்டு வர்றோம், விலை ஏற ஏற கடைக்காரரு நம்மள பாத்து சிரிக்கறது ஜாஸ்தியாகுது.

பசங்களுக்கு இல்லையான்னு கேக்கறவங்களுக்கு: இருக்கு, தமிழ்ப் புதல்வன்னு பேரு, 2024 ஆகஸ்ட் 9 கோயம்புத்தூர்ல ஆரம்பிச்சாங்க, அதே ஆயிரம், காலேஜ்லயே கேளுங்க. தபால் வழி படிச்சா ரெண்டுமே கெடையாது. நான் தபால்லதான் படிச்சேன்.