வேகம் குறையும்போது இயங்குதளங்கள் சொல்லும் செய்திகள்: ஒரு மதிப்புரை

மின்சாரத்தைச் சேமிக்கவோ வெப்பத்தைத் தணிக்கவோ செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்போது, இயங்குதளம் அதைப் பயனருக்கு எந்தச் சொற்களில் தெரிவிக்கிறது என்பதை விண்டோஸ், லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), சிபியுபவர் கருவி (லினக்ஸில் செயலியின் வேக அமைப்பைக் காட்டும் கட்டளை), லினக்ஸின் வரைகலைச் சூழல்களில் ஒன்றான க்னோமின் அமைப்புகள் ஆகியவற்றின் செய்திகளைக் கொண்டு இங்கே மதிப்பிடுகிறேன். வேகத்தை எது குறைத்தது, ஏன் குறைத்தது, எப்போது அது பழைய நிலைக்குத் திரும்பும் என்ற மூன்றும் ஒரு செய்தியிலிருந்து விளங்கிவிட்டால் அது நல்ல செய்தி.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 37 என்ற எண்ணுடன் வரும் எச்சரிக்கை, குறிப்பிட்ட செயலியின் வேகத்தைக் கணினியின் ஃபர்ம்வேர் (வன்பொருளிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) கட்டுப்படுத்துகிறது என்றும், கடந்த அறிக்கைக்குப் பின் இத்தனை விநாடிகளாக இந்நிலை நீடிக்கிறது என்றும் கூறுகிறது. கட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது என்பதையும் அதன் கால அளவையும் சொல்வது பாராட்டத்தக்கது. ஆனால் காரணம் இல்லை. அதிக வெப்பம், போதிய திறனற்ற சார்ஜர், பயாஸ் அமைப்பு என எதுவாயினும் அதே வாக்கியம்தான் வருகிறது. இதே விண்டோஸ், குளிர்விப்புக் கொள்கை என்ற அமைப்பை விளக்கும் இடத்தில், செயலியின் வேகத்தைக் குறைக்கும் முன் விசிறியின் வேகத்தைக் கூட்டுவதா, அல்லது விசிறியைக் கூட்டும் முன் செயலியைக் குறைப்பதா என்று எவருக்கும் புரியும்படி எழுதியிருக்கிறது. அந்தத் தெளிவு எச்சரிக்கைக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

இன்டெல் செயலிகளில் லினக்ஸ் கர்னல் எழுதும் வரி இதைவிட நேரடியானது: உட்கருவின் (செயலிக்குள் இருக்கும் கணிப்புப் பகுதியின்) வெப்பநிலை வரம்பைத் தாண்டியது, அதனால் கடிகார வேகம் குறைக்கப்பட்டது. காரணமும் விளைவும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன; நிலைமை சீரானதும் அதற்கும் தனி வரி உண்டு. இது செயலி தன்னைக் காத்துக்கொள்ளும் வழக்கமான செயல் என்பதை மட்டும் அது சொல்வதில்லை. முதன்முறை படிப்பவர் வன்பொருள் பழுதாகிவிட்டதோ என்று அஞ்ச இடமிருக்கிறது.

எனக்கு மிகுந்த மனக்குறை தருவது சிபியுபவர் கருவியின் வெளியீடுதான். லினக்ஸின் பொதுவான அதிர்வெண் (கடிகார வேக) கட்டமைப்பில் பவர்சேவ் என்ற கவர்னர், அதாவது வேகத்தை முடிவுசெய்யும் முறை, அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த அதிர்வெண்ணிலேயே செயலியை நிறுத்தி வைக்கும். இன்டெல் செயலிகளின் வேகத்தைக் கையாளும் பிஸ்டேட் இயக்கி தன் செயல்நிலைப் பாங்கில் (வேகத்தை முடிவுசெய்யும் முறையைத் தானே வழங்கும் நிலையில்) இயங்கும்போதோ, அதே பெயரைத் தாங்கிய முறை பளுவுக்கேற்ப வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. கருவி இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தையே அச்சிடுகிறது: இந்த வரம்புக்குள் எந்த வேகம் என்பதை பவர்சேவ் கவர்னர் தீர்மானிக்கலாம். முதல் நிலையில் தீர்மானிக்க எதுவுமே இல்லை. இரண்டாம் நிலையில் வாக்கியம் சரி என்றாலும் பெயர் தவறான எண்ணத்தை விதைக்கிறது. விளைவாக, முழு வேகத்தை எட்டக்கூடிய மடிக்கணினியைக் கட்டிப்போட்டுவிட்டார்கள் என்று கருதி, தேவையே இல்லாமல் உயர் வேகத்தை நாடும் பெர்ஃபார்மன்ஸ் கவர்னருக்கு மாறுவோர் உண்டு. இயக்கியின் பெயர் அதே வெளியீட்டின் மேற்பகுதியில் இருக்கத்தான் செய்கிறது. இரண்டையும் இணைத்துப் பொருள் காணும் வேலையைப் பயனரிடம் விடாமல், பளுவுக்கேற்ப வேகம் மாறும் என்றோ, வேகம் கீழ்வரம்பில் நிறுத்தப்பட்டுள்ளது என்றோ கருவியே எழுதிவிடலாம். வன்பொருளை அழைக்க இயலவில்லை என்று வரும் வரியும் இத்தகையதே. கர்னல் தரும் அதிர்வெண் அடுத்த வரியிலேயே இருக்க, இது பிழைச்செய்தி போல நிற்கிறது.

இந்த நான்கில் க்னோமின் சொல்லாட்சியே சிறந்தது. கணினி மடியில் இருப்பதை வன்பொருள் உணர்ந்தால், உயர்செயல்திறன் நிலை தற்காலிகமாகக் கிடைக்காது என்றும், நிலையான பரப்பில் வைத்தால் அது மீளும் என்றும் சொல்கிறது. மின்கலம் குறைந்து சிக்கன நிலை தானாக இயங்கும்போது, போதிய அளவு மின்னேற்றம் ஆனதும் முந்தைய நிலை திரும்பும் என்கிறது. பின்னணியில் இயங்கும் பவர் ப்ரொஃபைல்ஸ் டீமன், பயனர் தேர்ந்த நிலையையும் அதற்கு நேர்ந்த தடையையும் தனித்தனியாகத் தெரிவிப்பதால்தான் இந்த நேர்த்தி சாத்தியமாகிறது. உயர்செயல்திறன் நிலையை ஆதரிக்காத கணினிகளில் அந்தத் தேர்வையே காட்டாமல் விடுவதுதான் குறை; இந்த வன்பொருளில் இது இல்லை என்று அங்கேயே ஒரு வரி இருந்தால், பயனர் அமைப்புகளைப் புரட்டித் தேட வேண்டியிருக்காது.