ஐந்தெழுத்துச் சொல் விளையாட்டு: ஆங்கில முறையா, முழு எழுத்து முறையா, மெய்க்குறிப்பு முறையா?

விடுமுறைக்குப் பிள்ளைகள் காரைக்குடிப் பக்கம் வந்து சேர்ந்தால், முகப்பில் உட்கார்ந்து ஆடத் தோதானது ஒளித்து வைத்த ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. கைப்பேசி வேண்டியதில்லை, ஒரு சிலேட்டும் சாக்பீஸும் போதும். ஆனால் எந்த முறையில் ஆடுவது என்பதை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் மூன்றாவது சொல்லிலேயே சண்டை வரும்.

ஆங்கில முறை எல்லோருக்கும் தெரிந்தது. 2021இல் பரவிய வேர்டில் ஆட்டத்தின் விதிதான்: ஆறு முயற்சி, சரியான இடத்தில் இருந்தால் பச்சை, இடம் மாறி இருந்தால் மஞ்சள். ஒரு கட்டத்துக்கு 26 எழுத்துதான் என்பதால் ஆறு முயற்சி போதுமானது. முதல் சொல்லாக 'அடியூ' (adieu) போடுகிறவர்கள் நான்கு உயிரெழுத்துகளைத் தெரிந்துகொள்கிறார்கள், ஆனால் மெய்யில் 'டி' ஒன்றை மட்டுமே சோதிக்கிறார்கள். 'ஸ்லேட்' (slate) அதைவிட நல்ல தொடக்கம். எஸ், எல், டி மூன்றும் அதில் சோதனைக்கு வந்துவிடும். ஆங்கிலத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஐ, ஜி, ஹெச், டி நான்கும் பச்சையாகிவிட்டால் லைட், நைட், ஃபைட், ரைட், சைட், டைட், மைட், எயிட் என எட்டுச் சொல் எதிரே நிற்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஆட்டம் போய்விடும். அங்கே 'ஃபார்ம்ஸ்' (farms) என்று ஒரு முயற்சியைத் தியாகம் செய்ய வேண்டும். எஃப், ஆர், எம், எஸ் நான்கும் ஒரே வீச்சில் தெளிவாகும்.

இதே விதியை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவது முழு எழுத்து முறை. கா ஓர் எழுத்து, கி வேறோர் எழுத்து. பார்க்க எளிது, ஆடத் தொடங்கினால் வறண்டுவிடும். ஒரு கட்டத்துக்கு 26 அல்ல, 247 எழுத்து. ஒளித்த சொல் 'கண்டாங்கி' என்று வைத்துக்கொள்வோம் (2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிச் சேலை, இங்கே தெரியாத பிள்ளை இருக்காது). முதல் முயற்சி 'பணியாரம்'. ப, ணி, யா, ர, ம் ஐந்தும் தப்பு. இரண்டாம் இடத்தில் ணகர ஒலி ஒத்திருந்தும் ஆடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. இப்படி இரண்டு முயற்சி வெறுமையாகப் போனால் சின்னப் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள்.

எங்கள் தேர்வு மெய்க்குறிப்பு முறை. பச்சைக்குச் சரிக்குறி, இடம் மாறிய எழுத்துக்கு வட்டம், இவற்றோடு மூன்றாவதாக ஓர் அரைவட்டம்: அதே இடத்தில் அதே மெய், உயிர் மட்டும் வேறு. இப்போது 'பணியாரம்' போட்டால் ணி-யின் கீழ் அரைவட்டம் விழும். இரண்டாவது 'உண்டியல்': ண் சரி, டி-க்கு அரைவட்டம். மூன்றாவது 'கண்டனூர்': க, ண் சரி, ட-வுக்கு மறுபடி அரைவட்டம். ட-வும் இல்லை, டி-யும் இல்லை. நான்காவது முயற்சியில் 'கண்டாங்கி' கைக்கு வந்துவிடும். அரைவட்டத்தை அதே இடத்துக்கு மட்டுமே போட வேண்டும். இடம் மாறிய மெய்க்கும் போடத் தொடங்கினால், 'செட்டிநாடு' போன்ற சொல்லில் ட், டி, டு மூன்றும் ஒன்றோடொன்று குழம்பும்.

இந்த முறை இனிப்பதற்குக் காரணம் தமிழின் இலக்கணம்தான். மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. தமிழ்ச் சொல்லில் க், ச், த், ப் வந்தால் அடுத்து அதே வரிசைதான் வரும். ங் வந்தால், 'அங்ஙனம்' போன்ற ஓரிரு சொல் தவிர, அடுத்தது ககர வரிசை. அதாவது நான்காம் கட்டம் ங் என்று தெரிந்தால் ஐந்தாம் கட்டத்தில் 247 எழுத்து பன்னிரண்டாகச் சுருங்கிவிடும். ர், ழ் இரண்டும் இரட்டிக்காது. வல்லின மெய் தமிழ்ச் சொல்லின் கடைசியில் நிற்காது. 'பக்தி', 'சக்தி' மாதிரி வடசொல் இந்த ஒழுங்கை உடைக்கும். ஆகையால் பட்டியலில் அவற்றைச் சேர்ப்பதா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். கடைசி ம் சரியாக வந்துவிட்டதே என்று மகிழ வேண்டாம், பாதிப் பெயர்ச்சொல் அப்படித்தான் முடியும் என்கிற அளவுக்கு அது மலிந்தது.

உயிரையும் மெய்யையும் முழுதாகப் பிரித்து ஆடுவோரும் உண்டு. பணியாரம் ஒன்பது ஒலி, கோட்டையூர் எட்டு. இரண்டும் ஐந்தெழுத்தாக இருந்தும் ஒரே பலகையில் ஆட முடியாது. இலக்கண வகுப்புக்கு நல்லது, முகப்புக்கு அல்ல.

தமிழில் ஆறு முயற்சி குறைவு, எட்டு வையுங்கள். 'அப்பச்சி', 'அப்பத்தா' இரண்டையும் பட்டியலில் சேர்த்தால் முதல் மூன்று எழுத்தும் ஒன்றாக நிற்கும். வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், வெளியூர் விருந்தாளிக்குத் திணறும். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் எல்லாம் ஐந்தெழுத்து ஊர்கள். ஊர்ப்பெயரை அனுமதித்தால் எல்லா ஆட்டத்துக்கும் அனுமதியுங்கள், பாதியில் மாற்றக்கூடாது. மணகோலமா மனகோலமா என்று இழுபறியாகும் பலகாரப் பெயரை ஒளிக்காதீர்கள்.

கணினியில் பட்டியல் தயாரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூனிகோடில் கணினி எண்ணுவது எழுத்தை அல்ல, குறிகளை. 'பணியாரம்' எட்டு, 'கண்டாங்கி' ஒன்பது, 'காரைக்குடி' பத்து என்று காட்டும். புள்ளியையும் துணைக்குறியையும் முந்தைய எழுத்தோடு சேர்த்து எண்ணச் சொன்னால் மூன்றுக்கும் ஐந்து வரும். 'கோ'வின் துணைக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. 'கோட்டையூர்' சரியாக அடித்தும் தப்பு என்று வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். எல்லாச் சொல்லையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வைக்க வேண்டும்.