நிலக்கரிச் சீமையில் படகுப் பயணம்: ஆஷ்பியா, வொர்ஸ்லியா?

இங்கிலாந்தில் நேரோபோட் என்கிற ஒடுக்கமான கால்வாய்ப் படகை எடுத்துக் கால்வாயில் நாலைந்து நாள் மிதக்க வேண்டும், வழியில் பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த நாட்டுப்புறத்தையும் பார்க்க வேண்டும் என்றால், நான் இரண்டு நீர்வழிகளை எடைபோடுவேன். ஒன்று, நாட்டின் நடுப்பகுதியில் உள்ள ஆஷ்பி கால்வாய். மற்றொன்று, மான்செஸ்டரை அடுத்த வொர்ஸ்லியிலிருந்து லீ வழியாக விகன் வரை போவது. இரண்டிலும் வேக வரம்பு மணிக்கு 4 மைல்தான். நாயோடு கரையில் நடப்பவர்கூட நம்மை முந்திவிடுவார்.

சோம்பலுக்கு ஆஷ்பியை மிஞ்ச முடியாது. 22 மைல் நீளத்தில் ஒரு லாக்கூடக் கிடையாது; அதாவது, கதவுகளுக்கு இடையே நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் தொட்டி எதுவும் இல்லை. நிலத்தின் ஒரே சமமட்டத்தைப் பிடித்து வளைந்து வளைந்து வெட்டியிருக்கிறார்கள். ஆழம் குறைவு, அவசரப்பட்டு விசையைக் கூட்டினால் சேறு கிளம்புமே தவிரப் படகு நகராது. வழியில் 1485இல் மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் மாண்ட பாஸ்வொர்த் போர்க்களத்துக்கு இறங்கி நடந்து போகலாம்.

ஆனால் நிலக்கரி எங்கே? அங்கேதான் சிக்கல். 1804இல் திறந்தபோது இந்தக் கால்வாய் மொய்ரா சுரங்கப் பகுதி வரை ஏறத்தாழ 30 மைல் ஓடியது. கரியைத் தோண்டத் தோண்ட நிலம் இறங்கியது, கால்வாய்க் கரைகள் உடைந்தன. 1944 முதல் 1966 வரை மூன்று தவணையாக மேல்பகுதியை மூடிவிட்டார்கள். ஆகவே ஸ்னேர்ஸ்டோன் சுரங்கவழியைத் தாண்டியதும் பயணம் முடிந்துவிடும்; நிலக்கரிச் சீமையின் வாசலில் நின்று படகைத் திருப்ப வேண்டியதுதான். மொய்ராவில் மீட்டெடுத்த துண்டுக் கால்வாய் ஒன்று இருக்கிறது. படகில் போய்ச் சேர வழியில்லை.

அந்தப் பக்கத்தின் நினைவுப் பொருளாக மீஷம் என்ற ஊரின் பெயரால் வழங்கும் தேநீர்க் கெண்டி ஒன்றை அருங்காட்சியகத்தில் பார்த்தேன். கரும்பழுப்பு மெருகு, மேலே ஒட்டவைத்த வண்ணப் பூக்கள், நடுவில் பெயர் பொறித்த பட்டை. மூடியின் குமிழே ஒரு குட்டிக் கெண்டி! படகுக்காரக் குடும்பங்கள் சொல்லிச் செய்யவைத்து வாங்கிப்போனவை. அழகுதான், ஆனால் அதற்காக 22 மைல் போய்த் திரும்ப முடியுமா?

வொர்ஸ்லியில் படகைக் கட்டியதுமே சுரங்கம் கண்ணில் படும். தண்ணீரே செம்மஞ்சள் நிறம். பழைய சுரங்கங்களிலிருந்து கசியும் இரும்புத்துருவின் வேலை அது. பிரிட்ஜ்வாட்டர் பிரபு 1761இல் மான்செஸ்டருக்குக் கால்வாய் திறந்தபோது அதைச் சுரங்கத்தின் உள்ளேயும் நீட்டினார்; பின்னாளில் நிலத்தடிக் கால்வாய்கள் மட்டும் சுமார் 46 மைலாயின. சுரங்கத்தில் ஊறிய நீர் வடிந்து கால்வாயை நிரப்பியது. அதே நீரில் கரி வெளியே மிதந்து வந்தது. ஒரே வெட்டில் இரண்டு தொல்லைகளைத் தீர்த்த அந்தக் கணக்கை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. கரி ஏற்றிய ஒல்லிப் படகுகளின் உட்சட்டங்கள் விலா எலும்புபோலத் துருத்தி நின்றதால் அவற்றுக்குப் ‘பட்டினிப் படகு’ என்று பொருள்படும் பெயரே வைத்துவிட்டார்கள்.

லீ நோக்கிப் போகையில் கால்வாய் வயல்களுக்கு மேலே ஓடுகிறது. மேட்டில் வெட்டியதால் அல்ல. சுற்றியிருந்த நிலம்தான் இறங்கிவிட்டது. அது இறங்க இறங்கக் கரையை உயர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். சுக்கானைப் பிடித்தபடி மாடு மேய்வதைக் குனிந்து பார்க்கலாம். ஆஸ்ட்லி கிரீனில் 1970இல் மூடிய சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் நெடுந்தொலைவிலிருந்தே தெரியும். லீக்கு அப்பால் பூமி அமிழ்ந்து ஏரிகளாகிவிட்டது. நாணல், நீர்க்கோழி, பாய்மரப் படகு என்று சுரங்கத்தின் சுவடே தெரியாமல் மாறிவிட்ட அந்த ஏரிகளை ‘ஃப்ளாஷ்’ என்கிறார்கள்.

இந்த வழியில் உழைப்பு இல்லாமல் இல்லை. பிளாங்க் லேனில் வண்டிகளை நிறுத்திப் பாலத்தைத் தூக்க வேண்டும். பூல்ஸ்டாக்கில் இரண்டு லாக்குகள். ஆஷ்பியின் தனிமையும் இங்கே கிடைக்காது; ஊர்களின் கொல்லைப்புறங்கள் அவ்வப்போது எட்டிப்பார்க்கும். இருந்தாலும் என் ஓட்டு வொர்ஸ்லிக்குத்தான். படகில் கண் அயர்வதுதான் நோக்கம் என்றால் தயங்காமல் ஆஷ்பிக்குப் போங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். வொர்ஸ்லியிலிருந்து லீ வரையுள்ள பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் தனியார் சொத்து, லீக்கு அப்பால் உள்ளது கால்வாய்களைப் பராமரிக்கும் அறக்கட்டளையின் (Canal & River Trust) பொறுப்பு. வாடகைப் படகுக்கு இரண்டிலும் செல்ல அனுமதி உண்டா, எத்தனை நாளைக்கு என்று முன்பே கேட்டுவிடுங்கள். அடுத்து, விகனை அடைந்த உற்சாகத்தில் மேலே ஏறிவிடாதீர்கள். 65 மீட்டர் ஏற்றத்துக்கு 21 லாக்குகள் வரிசையாக நிற்கின்றன. கனமான கதவுகளை முதுகு கொடுத்துத் தள்ளியே அரை நாள் போய்விடும், திரும்பி வரும்போது அதே 21 மறுபடியும். ஏரிக்கரையில் படகைக் கட்டிவிட்டு, வேறு யாராவது ஏறுவதை நடந்து போய்ப் பாருங்கள்.