கேப்ஷன் டிகோடிங்கில் ஏடிமெகா328பி: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பழைய என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) விஎச்எஸ் டேப்புகளிலிருந்து குளோஸ்டு கேப்ஷன் எழுத்துகளை, அதாவது வீடியோவுக்குள் மறைந்து வரும் வசன வரிகளை, பிரித்தெடுக்கப் பல வருடங்களாக ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பைத்தான் பயன்படுத்துகிறேன். நன்றாகவே ஓடுகிறது. அதற்கு முக்கியக் காரணம், சிக்னல் மாறிய நேரத்தைப் பதிந்து வைக்கும் ஐசிஆர்1 என்ற இன்புட் கேப்ச்சர் ரிஜிஸ்டர்.

கேப்ஷன் வருவது வீடியோ சிக்னலின் 21-வது வரியில். முதலில் ஏழு சுழற்சி ரன்-இன் அலை (பிட்டுகளின் தாளத்தைப் பிடிப்பதற்கு), அடுத்து 0, 0, 1 என்ற ஸ்டார்ட் பிட்டுகள், பின்னால் 16 டேட்டா பிட்டுகள். அதாவது 7 பிட்டும் ஒற்றைப்படை பாரிட்டியும் (பிழை கண்டறியும் பிட்) கொண்ட இரண்டு எழுத்துகள். ஒரு பிட்டின் நீளம் 1.986 மைக்ரோவிநாடி, 16 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் ஏறக்குறைய 31.8 டிக் (கிளாக் துடிப்பு).

வெறும் இன்டரப்ட்டை (சிபியுவின் நடப்பு வேலையை இடைநிறுத்தும் அழைப்பை) வைத்து இந்த நேரத்தை அளப்பது சிரமம். எட்ஜ் (சிக்னல் ஏறும் அல்லது இறங்கும் கணம்) வந்தாலும் சிபியு கையிலிருக்கும் கட்டளையை முடித்துவிட்டுத்தான் திரும்பும். இன்னொரு இன்டரப்ட் ஓடிக்கொண்டிருந்தால் தாமதம் இன்னும் கூடும். அந்தத் தாமதம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருப்பதும் இல்லை. கேப்ச்சரில் இந்தச் சிக்கல் கிடையாது. எட்ஜ் வந்ததுமே டைமரின் எண்ணிக்கையை ஹார்டுவேர் ஐசிஆர்1-க்குள் எழுதி, ஐசிஎஃப்1 கொடியை உயர்த்திவிடும். நான் சற்றுப் பிந்திப் படித்தாலும் எட்ஜ் வந்த நேரம் மாறாது. அடுத்த எட்ஜ் அதை மேலெழுதுவதற்குள் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

எல்எம்1881 என்ற சிங்க் பிரிப்பான் சிப் தரும் காம்போசிட் சிங்க்கை (வரியும் படமும் தொடங்கும் இடத்தைக் காட்டும் பல்ஸுகளை) ஐசிபி1 என்ற கேப்ச்சர் பின்னில் கொடுத்திருக்கிறேன். எட்ஜின் திசையைத் தேர்வுசெய்யும் ஐசிஇஎஸ்1 பிட்டை மாற்றி மாற்றி, இறங்கும் எட்ஜையும் ஏறும் எட்ஜையும் பிடித்துக் கழித்தால் பல்ஸின் அகலம் வந்துவிடும். சுமார் 75 டிக் என்றால் வழக்கமான கிடைச் சிங்க். 37 என்றால் ஈக்வலைசிங் பல்ஸ். 430-ஐ ஒட்டி வந்தால் செங்குத்துச் சிங்க். அங்கிருந்து வரிகளை எண்ணி 21-க்குப் போய்விடலாம். எட்ஜின் திசையை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஐசிஎஃப்1-இல் 1 எழுதிக் கொடியை இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பொய்யான கேப்ச்சர் உள்ளே நுழைந்துவிடும்.

21-வது வரி தொடங்கியதும், ஒரு லாஜிக் சுவிட்ச் வழியாக அதே பின்னுக்கு வெளிக் கம்பேரேட்டரின் (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு 0 அல்லது 1 தரும் சுற்றின்) டேட்டா வருகிறது. சிப்புக்குள்ளேயே கம்பேரேட்டர் உண்டு. ஆனால் அதன் தாமதம் அரை மைக்ரோவிநாடியைத் தொடுவதால் எனக்குத் திருப்தியில்லை. ரன்-இன் ஓடும்போது ஏறும் எட்ஜுகள் 32 டிக் இடைவெளியில் வரிசையாக வரும். அந்த வேகத்துக்கு இன்டரப்ட் ஈடுகொடுக்காது என்பதால் இன்டரப்ட்டுகளை நிறுத்திவிட்டு, ஐசிஎஃப்1-ஐ லூப்பில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திடீரென இரண்டு பிட்டுக்கும் மேலான இடைவெளி விழுந்து ஒரு எட்ஜ் வந்தால், அதுதான் ஸ்டார்ட் பிட். அங்கிருந்து ஒன்றரை பிட் தள்ளி முதல் மாதிரி, பிறகு 32 டிக்குக்கு ஒன்று. கடைசி பிட்டுக்குள் சேரும் பிழை நான்கு டிக்கைத் தாண்டாது.

ஸ்டார்ட் பிட்டிலிருந்து எண்ணுவதன் அருமை தேய்ந்த டேப்பில்தான் தெரியும். அங்கே வரிகள் முன்னும் பின்னும் ஆடும்; கிடைச் சிங்க்கிலிருந்து மட்டும் எண்ணினால் பாரிட்டிப் பிழைகள் குவிகின்றன. ஐசிஎன்சி1 இரைச்சல் வடிகட்டியையும் போட்டே வைத்திருக்கிறேன். அது நான்கு டிக் தாமதப்படுத்துகிறது. ஆனால் எப்போதும் அதே நான்கு என்பதால் கழித்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு கேப்ச்சர் யூனிட் இருப்பது உண்மையான குறை. புதிதாகக் கட்டுபவர்கள் மூன்று கேப்ச்சர் யூனிட் உள்ள ஏடிமெகா328பிபி-யை எடுத்தால் அந்தச் சுவிட்சே வேண்டாம். வீடியோவைக் காம்போசிட் வெளியீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். எச்டிஎம்ஐ வழியாக 21-வது வரி வராது.